19,500 பெரிதா, 35,000 பெரிதா?

2025 மே மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, குரூப் ஃபோர் எழுதி கவர்மெண்ட் வேலை கிடைச்சிருச்சு, இளநிலை உதவியாளர். ஆனா சென்னையில ஒரு கம்பெனியிலிருந்தும் ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. வருஷம் 4.2 லட்சம். எதுக்குப் போகட்டும்?"

அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் 22 வருஷம் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சம்பளப் பட்டியல் போட்டவன். என் அண்ணன் 1997-இல் அரசு வேலையில் சேர்ந்தவர். அவருக்கும் அலுவலகத்தில் சம்பள பில் போடுகிற பிரிவுதான். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஊரில் கூடினால் பேச்சு கடைசியில் சம்பளச் சீட்டில்தான் வந்து நிற்கும். எனக்கு போனஸ் வந்த வருஷங்களில் நான் ஜெயிப்பேன். மற்ற வருஷங்களில் அண்ணன்.

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவனிடம் சொன்னது: "மாசம் 35,000 எங்கே, 19,500 எங்கே? இதுல யோசிக்க என்னடா இருக்கு?" அக்கா சொன்னது: "கவர்மெண்ட் வேலையை விடுறவன் மடையன்." இரண்டு தரப்பிலும் யாரும் பேப்பரும் பேனாவும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஆஃபர் லெட்டரைப் பிரித்தால்

முதலில் அரசுப் பக்கம். அறிவிப்பில் 19,500–71,900 என்று போட்டிருப்பது அடிப்படை ஊதியம் மட்டும். முதல் எண் சேருகிற நாளுக்கு. கடைசி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வருஷத்துக்கு 3 சதவீத இன்கிரிமெண்டில் 19,500-இலிருந்து 71,900-த்தைத் தொட ஏறத்தாழ 44 வருஷம் ஆகும். ஓய்வு வயது 60. பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன் வேண்டுமானால் தொடலாம்.

அடிப்படைக்கு மேல் அகவிலைப்படி. அவன் போன் செய்தபோது 55 சதவீதம். 2025 டிசம்பரில் 58. அந்த டிசம்பர் விகிதத்திலேயே போடுவோம். 19,500-க்கு 58 சதவீதம் என்றால் 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஊர் மாறும், அதைத் தனியாக வையுங்கள். மருத்துவப்படி 300. பிடித்தத்தில் பெரியது சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியம்: அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம், அதாவது 3,081. காப்பீடு, குடும்பநல நிதி, தொழில்வரி எல்லாம் சில்லறை. வீட்டு வாடகைப்படியைச் சேர்த்து, சில்லறையைக் கழித்தால் கைக்கு 28,000 வந்துவிடும்.

இனி கம்பெனிப் பக்கம். 4.2 லட்சம் என்பது சி.டி.சி. உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளிக்கு ஆகிற மொத்தச் செலவு அது; உன் பேங்கில் விழுகிற பணம் வேறு. இந்த வித்தியாசத்தைப் புது ஆட்களுக்கு விளக்கியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மாப்பிள்ளையை அந்த லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மாதக் கணக்கு 35,000. அதில் கம்பெனி கட்டுகிற பி.எஃப். 1,800. பணிக்கொடைக்கு ஒதுக்குவது 842. குரூப் இன்சூரன்ஸ் 600. இவற்றோடு "செயல்திறன் ஊதியம்" என்ற பெயரில் 3,500; வருஷக் கடைசியில், கம்பெனியும் அவனும் நன்றாகச் செய்திருந்தால் வரும். இந்த நான்கையும் கழித்தால் 28,258. அதிலிருந்து அவன் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி மாதத்துக்கு 200 சொச்சம். கைக்கு வருவது 26,250.

அதாவது 19,500 என்பது 28,000. 35,000 என்பது 26,250. கடையில் ஒரு சாமான் விலை வரியோடு, இன்னொன்று வரியில்லாமல் எழுதியிருந்தால் எப்படியோ அப்படி. ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று சொல்லியாக வேண்டும்: கம்பெனி கழித்த பி.எஃப். இரண்டு பங்கும் அவன் பணம்தான், அதேபோல் சி.பி.எஸ்.-இல் அவன் கட்டுகிற 3,081-க்கு அரசும் 3,081 போடுகிறது. சேமிப்பிலும் அரசுப் பக்கமே கனம்.

இதற்கு மேல் வாடகை. அரசு வேலை சிவகங்கை மாவட்டத்துக்குள் கிடைத்தால் அம்மா கையால் சாப்பாடு, பைக்கில் அலுவலகம். சென்னை என்றால் ஓ.எம்.ஆர். பக்கம் பி.ஜி.யில் ஒரு கட்டில், சாப்பாடு, போக்குவரத்து என்று பத்தாயிரம் கரையும்.

"அப்ப கவர்மெண்ட்தானே மாமா?" என்றான்.

"இரு மாப்ள. இது முதல் மாசக் கணக்கு."

பத்தாவது வருஷத்தில்

அரசு ஊதியம் மாட்டுவண்டி மாதிரி, நிற்காது, ஓடாது. பத்து இன்கிரிமெண்ட் முடிந்தால் அடிப்படை 26,200-ஐ ஒட்டி நிற்கும். அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறும். துறைத்தேர்வு எழுதி உதவியாளர், கண்காணிப்பாளர் என்று மேலே போகலாம். அதற்கு மூப்புப் பட்டியலில் முன்னால் இருக்கிறவர் ஓய்வு பெறவேண்டும். பத்து வருஷத்துக்கொரு முறை ஊதியக் குழு வந்து எல்லாவற்றையும் ஒரு உயர்த்து உயர்த்தும். மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு 2016-இலிருந்து கணக்கு. தமிழ்நாட்டில் அதன் பணப்பயன் 2017 அக்டோபரில்தான் வந்தது. எட்டாவது குழுவுக்கு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமை, 18 மாத அவகாசம். அது அறிக்கை கொடுத்து, மத்திய அரசு ஏற்று, பிறகு மாநிலம் ஏற்று, அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டுக்கு வரும்.

தனியாரில் பத்தாவது வருஷம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அதன் குணமே. வேலையைக் கற்றுக்கொண்டு இரண்டு, மூன்று கம்பெனி மாறியவன் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருப்பான். அதே நாளில் சேர்ந்து, அதே கம்பெனியில் ஆண்டுக்கு ஐந்து சதவீத உயர்வுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவன் விலைவாசியோடு சேர்த்துப் பார்த்தால் சேர்ந்த இடத்திலேயே நிற்பான். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற மூன்று, மூன்றரை லட்சம் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக அசையவே இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து போன நாற்பது பேரில் அமெரிக்கா போனவனைப் பற்றி மட்டும்தான் ஊரில் பேசுவார்கள்.

எனவே நான் மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி சம்பளத்தைப் பற்றியதே இல்லை. "ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து புதுசா ஏதாவது கத்துக்கிற ஆளாடா நீ?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

எந்த அரசு, எந்தத் தனியார்?

"கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம்" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழி உண்டான காலத்தில் அரசுச் சம்பளம் உண்மையிலேயே கால் காசுதான், மரியாதைக்காகப் போனார்கள். இப்போது கீழ்மட்டத்தில் அது தலைகீழ். ஏழாவது ஊதியக் குழு அகமதாபாத் ஐ.ஐ.எம்.-ஐக் கொண்டு ஒரு ஆய்வு செய்தது. அரசின் கடைநிலை உதவியாளருக்குக் கிடைத்த மொத்த ஊதியம் மாதம் 22,579 ரூபாய். தனியாரில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 வரை. 2015-இல் வந்த அந்த அறிக்கையிலேயே இது இருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? இரண்டு இடத்திலும் சம்பளத்தை முடிவு செய்கிற முறையே வேறு. மில்லில் ஒரு ஹெல்பருக்கு எவ்வளவு என்று முதலாளி கேட்டால் நாங்கள் பக்கத்து மில்லுக்குப் போன் போடுவோம். அங்கே என்ன ரேட்டோ அதுதான், ஐம்பது கூடவோ குறையவோ. அரசில் கணக்கு வயிற்றிலிருந்து தொடங்குகிறது. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவு வகுத்தது: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரியவருக்கு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, அதற்குமேல் வாடகை, எரிபொருள், விளக்கு. அரிசியையும் பருப்பையும் நிறுத்து விலை போட்டு ஏழாவது ஊதியக் குழு வந்து சேர்ந்த இடம்தான் 18,000 என்ற குறைந்தபட்ச ஊதியம். சந்தை ரேட் எவ்வளவு குறைந்தாலும் இந்தக் கணக்கு அதற்குக் கீழே இறங்காது.

மேலே போகப்போக நிலைமை மாறிவிடும். நாட்டிலேயே பெரிய அதிகாரியான அமைச்சரவைச் செயலாளரின் அடிப்படை ஊதியம் 2,50,000. கடைநிலை ஊழியரைப் போல் 14 மடங்கு கூட இல்லை. பெரிய கம்பெனிகளில் மேலே உட்கார்ந்திருப்பவர் வாங்குவது கீழே இருப்பவரைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. ஆகவே கடைநிலை, எழுத்தர், ஆசிரியர், செவிலியர் என்றால் அரசுச் சம்பளம் மேல். தேர்ந்த மருத்துவ நிபுணர், நல்ல மென்பொருள் ஆள், நிதி நிர்வாகம் தெரிந்தவர் என்றால் தனியார் மேல். இடைப்பட்ட பொறியாளர்கள்தான் உண்மையிலேயே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியவர்கள்.

ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எட். முடித்துவிட்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தால் அடிப்படை 36,400, அகவிலைப்படியோடு 57,512. அதே பி.எட்.-உடன் எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்த பெண் 14,000 வாங்குகிறாள். வேன் ஏற்றிவிடுவது, அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போவது எல்லாம் அந்தப் பதினாலுக்குள் அடக்கம்.

ஆனால் "அரசு" என்ற ஒரே பெயருக்குள் பல அரசுகள் இருக்கின்றன. 2012-இல் 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து 2024-இல் அது 12,500. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வெழுதி 2015-இல் சேர்ந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு ஆரம்பத்தில் 7,700. இடைநிலை ஆசிரியர்களில் 2009 மே 31-க்குள் சேர்ந்தவருக்கு அடிப்படை 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே தகுதி, ஒரே வேலை. "சம வேலைக்கு சம ஊதியம்" என்று அவர்கள் 2025-இலும் தெருவில் நின்றார்கள். அதனால் "அரசு வேலை" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது: இன்கிரிமெண்டும் படிகளும் உள்ள காலமுறை ஊதியமா, மாதம் ஒரே தொகையாகத் தருகிற தொகுப்பூதியமா? தொகுப்பூதியம் என்றால் இந்தக் கட்டுரையில் அரசுக்குச் சாதகமாகச் சொன்ன பாதியை அழித்துவிடலாம்.

ஒரே வேலை இரண்டு கைகளில் என்ன விலை போகும் என்பதை 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலிலேயே பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் மாநகராட்சி கொடுத்தது. அதுவரை மாதம் 23,000-ஐ ஒட்டி வாங்கிவந்த தூய்மைப் பணியாளர்களுக்கு ஒப்பந்ததாரர் தருவதாகச் சொன்னது 17,000-ஐ ஒட்டி. அதே தெரு, அதே குப்பை, அதே விளக்குமாறு. பதின்மூன்று நாள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிக் காலம்

என் கணக்கைச் சொல்கிறேன். தனியாரில் பி.எஃப்.-உடன் சேர்ந்து வருகிற பென்ஷனுக்கு ஒரு சூத்திரம் உண்டு: கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் லட்ச ரூபாய் வாங்கினாலும் சாதாரணமாகக் கணக்கில் எடுப்பது 15,000 வரைதான். 20 வருஷத்துக்கு மேல் சேவை இருந்தால் இரண்டு வருஷம் கூட்டிக்கொடுப்பார்கள். 30 வருஷம் உழைத்தவருக்கு 15,000 பெருக்கல் 32, வகுத்தல் 70. மாதம் 6,857 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முன்னால் வரம்பு 6,500-ஆக இருந்ததால் என் வயதுக்காரர்களுக்கு அதுவும் முழுசாக வராது. இந்தத் தொகை விலைவாசியோடு ஏறுவதும் இல்லை.

அண்ணன் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர். கடைசி அடிப்படை 60,000 என்றால் பாதி 30,000; அதற்கு அதே 58 சதவீத அகவிலைப்படி சேர்த்து 47,400. ஆறு சதவீத வட்டியில் மாதம் 47,400 வர வேண்டுமானால் என் கையில் 95 லட்சம் இருக்க வேண்டும். 22 வருஷம் ஊருக்கெல்லாம் சம்பளம் போட்ட எனக்கு அவ்வளவு சேரவில்லை என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணனைக் காட்டி மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது தப்பு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. 2025 முடியும்வரை அவர்களுக்கு சி.பி.எஸ்.தான்; தன் பங்கு, அரசின் பங்கு, வட்டி எல்லாம் சேர்ந்து கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. மத்திய அரசு 2025 ஏப்ரலில் 25 வருஷச் சேவைக்குப் பாதி ஊதியம் உறுதி என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநில அரசு 2025 பிப்ரவரியில் குழு அமைத்தது. குழுவை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அரசாணை எண் போட்டு வந்த பிறகுதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்பதையும் அளந்தே பேச வேண்டும். 2020 ஊரடங்கில் அரசு ஊழியர்களுக்கு நடந்தது அகவிலைப்படி நிறுத்தம், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் வாங்குவது நிறுத்தம். சரண்டர் 2025 அக்டோபரில்தான் திரும்பியது. அண்ணன் அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் மில்லில் பாதிச் சம்பளம். மூன்றாவது மாதம் பட்டியல் போடவே ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபக்கம், 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில், வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற டெஸ்மா சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்கள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டதும் நடந்ததுதான். உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானோர் திரும்பினார்கள். எங்கள் மில்லுக்கு எதிராக நான் எந்த நீதிமன்றம் போயிருக்க முடியும்?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வரி கூட்ட வேண்டும். மாநில அரசில் மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. தனியாரில் சட்டப்படி 26 வாரம்; திரும்பி வரும்போது அதே நாற்காலி இருக்கிறதா என்பது வேறு கதை.

கிம்பளத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டாராம்.

ஆர்டர் கையில் இல்லாதவர்களுக்கு

இதுவரை சொன்னது இரண்டு காகிதமும் கையில் இருக்கிறவனுக்கு. பெரும்பாலானவர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் கையில் கம்பெனி வேலை இருக்கும். அரசு வேலை கனவில் இருக்கும். 2025 குரூப் ஃபோருக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம். ஒரு நாற்காலிக்கு 350 பேர். ஜெயித்த ஒருவனின் 28,000-த்தையும் வேலைக்குப் போகிறவனின் 18,000-த்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். மிச்சம் 349 பேர் கணக்கிலேயே வருவதில்லை.

18,000 சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று வருஷம் முழுநேரமாகப் படித்தால் கையை விட்டுப் போவது 6,48,000 ரூபாய். கோச்சிங் கட்டணம், மதுரையில் விடுதி வாடகை எல்லாம் அதற்கு மேல். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்த மூன்று வருஷ அனுபவம். 28 வயதில் தனியாருக்குத் திரும்பினால் 22 வயதுப் பையனோடு வரிசையில் நிற்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படி, இரண்டு தேர்வு எழுது, மார்க் கட்-ஆஃப் பக்கத்தில் வந்தால் மூன்றாவதுக்கு லீவு போட்டுப் படி. நாற்பது மார்க் தள்ளி நின்றால் விட்டுவிடு. அக்கா மகன் அப்படித்தான் செய்தான். ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் டேலி என்ட்ரி போட்டுக்கொண்டே படித்தவன்.

அவன் இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டான். சென்னைக் கம்பெனிக்கு ஒரு வரி மெயில் அனுப்பினானாம். சேர்ந்த முதல் மாதம், அரசுச் சம்பளம் போடுகிற களஞ்சியம் மென்பொருளில் அவன் பெயர் ஏறவில்லை. இரண்டாவது மாதம் பெயர் ஏறியது, பேங்க் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. இரண்டு மாதமும் பெட்ரோலுக்கு நான்தான் ஜிபே செய்தேன். "அரியரோட சேர்த்துத் தர்றேன் மாமா" என்றான். இரண்டு மாதத்துக்குள் "அரியர்" என்ற வார்த்தை எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். "இனிமே அவன் எங்க ஆளு" என்றார்.